குன்னூர்க் குழந்தைக்குக் கையால் ஏதாவது செய்ய வேண்டும், நேரம்தான் இல்லை

பிசிறு (திருப்பூர்) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு மூன்று. தங்கச்சியைக் குன்னூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஐப்பசியில் வளைகாப்பு, மார்கழிக் கடைசியில் குழந்தை.

கடையில் வாங்கினால் அரை மணி நேர வேலை, தெரியும். திருப்பூரில் இருந்துகொண்டு குழந்தைத் துணியைக் கையால் தைக்கப் போகிறேன் என்றால் ஊரே சிரிக்கும். ஆபீசில் ஏற்கெனவே சிரித்தாயிற்று. ஆனால் என் மகள் பிறந்தபோது தங்கச்சி காலேஜ் ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒரு குல்லா பின்னி அனுப்பினாள். அளவு சுத்தமாகத் தப்பு. ஆரஞ்சுப் பழத்துக்குப் போடலாம். அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். அந்தக் கடன் ஒன்று பாக்கி நிற்கிறது.

ஆனி மாதமே ஸ்வெட்டர் ஆரம்பித்துவிட்டேன். உல்லன் நூல், 10ஆம் நம்பர் ஊசி, வீடியோ பார்த்துப் பின்னினேன். முதுகுப் பக்கம் முடிந்தது. முன்பக்கம் 38 வரிசை வந்திருந்தது. குக்கர் மூன்றாவது விசில் அடித்ததென்று சோபாவில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி வந்தால் பையன் ஊசியை உருவி, வாள் என்று சுழற்றிக்கொண்டு ஓடுகிறான். நூல் ஹாலிலிருந்து பாத்ரூம் வாசல் வரை போயிருந்தது. அன்றைக்கு நான் அவனைத் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை.

சரி, தையலாவது தைப்போம் என்று பாட்டியின் பழைய கறுப்பு மெஷினை இழுத்தேன். காதர்பேட்டையில் எடை போட்டு வாங்கிய கட் பீஸ் இருந்தது. ஜப்லா தைத்தால் மேலே தையல் அழகாக இருக்கிறது, கீழே நூல் குருவிக்கூடு கட்டுகிறது. கீழ்நூல் சுற்றிய பாபினை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டேன், அப்படியேதான்.

எனக்குக் கிடைப்பது இரவு ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரை. ஷிப்மென்ட் இருந்தால் அதுவும் இல்லை. கம்பெனி வேனில் போக அரை மணி, வர அரை மணி. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதற்கே சரியாகப் போகிறது.

இதற்கு நடுவில் அம்மா வேறு. குழந்தை பிறப்பதற்கு முன்னால் புதுத்துணி தைக்கவே கூடாதாம். வளைகாப்புக்கு வளையலும் சேலையும் கொண்டு போ, அது போதும் என்கிறாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் மனதில் ஒரு ஓரத்தில் பயம் இருக்கிறது. ஸ்வெட்டரைத் திரும்ப ஆரம்பிக்கவா, மெஷினைச் சரி செய்யவா, இல்லை இரண்டையும் விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யவா?

குன்னூர்க்காரி:

உங்கள் மகன் செய்த வேலையை என் மகன் செய்தபோது எனக்கு ஒரு பெரியம்மா சொல்லித் தந்ததைச் சொல்கிறேன். பத்து வரிசைக்கு ஒரு முறை, மொட்டை ஊசியில் வேறு நிறப் பருத்தி நூலைக் கோர்த்து, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி அப்படியே விட்டுவிடுங்கள். யாராவது ஊசியை உருவினாலும் அந்த நூல் வரைக்கும்தான் பிரியும். கண்ணிகளை அதிலிருந்து திரும்ப ஊசியில் எடுத்துக்கொள்ளலாம். பின்னி முடித்ததும் அந்த நூலை இழுத்தால் வந்துவிடும். இரண்டு நிமிஷ வேலைதான், ஆனால் 38 வரிசையைக் காப்பாற்றும்.

பச்சைக்குழந்தைக்கு ஸ்வெட்டர் வேண்டாம் என்பேன். எங்கள் ஊர்க் குளிரில் எப்படியும் ஃபிளானல் துணியில் சுற்றித்தான் வைத்திருப்பார்கள், கையை நீட்டி மாட்டுவதற்குள் குழந்தை ஊரைக் கூட்டிவிடும். இப்போதைக்குக் குல்லா மட்டும். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். குல்லா அதைவிடக் கொஞ்சம் குறைவாக, இழுபடுகிற மாதிரி இருக்க வேண்டும். முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி வந்தால் குல்லாவுக்கு 96 கண்ணி ஏற்றுங்கள். உங்கள் தங்கச்சி இந்தத் துண்டை அளக்காததால்தான் ஆரஞ்சுப் பழம் ஆயிற்று. எல்லாரும் அதைத் தாண்டிப் போகிறார்கள், நானும் போயிருக்கிறேன்.

ஸ்வெட்டரை ஒரு வயது அளவுக்குப் பின்னுங்கள். ஆனி ஆடி மழையிலும் இங்கே குளிர்தான், அப்போது உதவும். பொத்தான் வேண்டாம், குழந்தை பிய்த்து வாயில் போடும். முடி முடியாக நிற்கிற நூலும் வேண்டாம். உல்லன் நூல் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். தீப்பட்டால் உருகி ஒட்டும். இங்கே வீட்டுக்கு வீடு ஹீட்டரோ கரியடுப்போ இருக்கும், அதனால் பருத்தி நூல் கிடைத்தால் நல்லது. தங்கச்சியிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. இங்கே தோடர் பெண்கள் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூத்தையலைப் பார்த்திருப்பீர்கள். புகூர் என்பார்கள், 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை. துணியில் கோடு வரையாமல் இழையை எண்ணியே போடுவது. அப்படி எண்ணுகிற வேலைக்குத் தலை காலியாக இருக்க வேண்டும். உங்கள் தலை காலியாக இல்லை. அதனால் டிசைன் எதுவும் வேண்டாம், குல்லா முழுக்க இரண்டு நிட் (நேர்க்கண்ணி), இரண்டு பர்ல் (மறுபக்கக் கண்ணி). மேலே குறைக்க வேண்டாம், கடைசியில் எல்லாக் கண்ணியையும் ஒரு நூலில் கோர்த்துச் சுருக்கிவிடலாம். வேனில் பின்னுங்கள். போக அரை மணி, வர அரை மணி என்று எழுதிவிட்டு நேரமே இல்லை என்கிறீர்களே!

திண்டுக்கல் டெய்லர்:

தங்கச்சி, கீழே குருவிக்கூடு கட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை தப்பு மேல்நூலில்தான். எல்லாரும் பாவம் பாபினைப் போட்டு மாற்றுவார்கள். துணியை அமுக்குகிற மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து கோருங்கள். பாதம் கீழே இருந்தால் மேல்நூலைப் பிடிக்கிற டென்ஷன் தட்டு இரண்டும் இறுகியிருக்கும், நூல் உள்ளே இறங்காது. பாட்டி காலத்து மெஷின் என்கிறீர்கள். அந்த இரண்டு தட்டுக்கும் நடுவில் பஞ்சு அடைந்திருக்கும். ஒரு துணி ஓரத்தை நடுவில் விட்டு இழுத்தால் வந்துவிடும். தையல் ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் முனையையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பனியன் துணிக்குச் சாதா ஊசி போட்டால் தையல் விட்டுவிட்டு விழும். பால் பாயிண்ட் ஊசி, 11ஆம் நம்பர் கேளுங்கள். கட் பீஸில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற இன்டர்லாக் துணி பார்த்து எடுங்கள், சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணி வெட்டின உடனே ஓரம் சுருண்டு உயிரை எடுக்கும். தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்து, துணியை லேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள், இல்லையென்றால் குழந்தைக்கு மாட்டும்போது நூல் அறும். வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை நனைத்துக் காயப் போடுங்கள். ஓரத்துக்குப் பக்கத்து வீட்டில் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) ஓட்டுகிறவர் யாராவது இருப்பார்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். பிசினாகி இறுகிவிடும். என் கடைக்கு வருகிற வீட்டு மெஷின்களில் பாதிக்கு மேல் அதுதான் வியாதி.

நடைமுறைவாதி:

மன்னிக்கவும். ரெண்டு குழந்தை, வேலை, இதில் இது தேவையா? நல்ல கம்பளி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த முக்கால் மணி நேரம் தூங்குங்கள்.

பிசிறு:

தூங்கலாம்தான். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் நான் தூங்குவதில்லையே, போனைத்தான் தடவிக்கொண்டிருக்கிறேன்.

கோபி அப்பத்தா (பேத்தி டைப் செய்கிறேன்):

அப்பத்தா சொல்வதை அப்படியே எழுதச் சொன்னார்.

கண்ணு, உங்கம்மா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான். புதுத்துணிக்குத்தான் அந்தச் சட்டம், பழந்துணிக்குக் கிடையாது. பொறந்த குழந்தையை முதல்ல பழைய வேட்டியிலதானே வாங்குறோம்? அதனால உங்கம்மாளோட பழைய நூல் சேலை ஒண்ணு எடு, குழந்தைக்கு மெத்தை தைச்சிரலாம். வாயல்னு சொல்ற மெல்லிசுச் சேலை வேண்டாம், பாலியஸ்டர் கலந்தது வேண்டாம். துவைச்சுத் துவைச்சு வெண்ணெயா இருக்கணும். சேலை பன்னிரண்டு முழம். இரண்டு முழமா வெட்டினா ஆறு துண்டு. கஞ்சி போக வெந்நீர்ல ஊற வெச்சு, வெயில்ல காயப் போடு. ஆறையும் தரையில ஒண்ணு மேல ஒண்ணு விரி. சுருக்கம் எடு. நடுவில இருந்து ஓரத்துக்குப் பெரிய தையலா கச்சா போடு. ஓரத்தில இருந்து ஆரம்பிச்சா நடுவில தொப்பை விழும். அப்புறம் ரெண்டு விரல் இடம் விட்டு வரிசை வரிசையா ஓட்டுத் தையல். எம்பிராய்டரி நூல்ல ரெண்டு இழை போதும். முடிச்சை உள்ளே மறைச்சிரு, குழந்தை முதுகில உறுத்தும். ஒரு நாளைக்கு ரெண்டு வரிசை தைச்சாப் போதும். எந்த வரிசையில வேணாலும் நிறுத்தலாம், எவன் வந்து ஊசியை உருவினாலும் தைச்சது தைச்சதுதான்.

இது நான் சேர்ப்பது: இந்த மெத்தையைத் தரையில் விரித்துக் குழந்தையைக் கிடத்துவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தூங்குகிற பச்சைக்குழந்தைக்கு மேலே போர்த்த வேண்டாம், முகத்தில் ஏறிவிடும். எங்கள் டாக்டரும் அதைத்தான் சொன்னார். அப்பத்தா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிசிறு (ஐப்பசி, வளைகாப்பு முடிந்து நான்காம் நாள்):

எல்லோருக்கும் ஒரு தகவல் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பத்தா சொன்னதை நம்பி அம்மாவிடம் போனால், பழைய சேலைகளை எல்லாம் பாத்திரக்காரருக்குப் போட மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். "இதுக்கு ஒரு குண்டான் வரும்டி" என்று மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் நான் கடைக்குப் போய்க் குண்டான் வாங்கி வந்து கொடுத்துத்தான் சேலையை மீட்டேன். மாம்பழ நிறம், அரக்குக் கரை, சின்னாளபட்டி. எங்கள் இரண்டு பேருக்கும் தூளி கட்டிய சேலை என்று அதற்கப்புறம் அவளே சொன்னாள். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் குண்டானோடு ஒரு மூடியும் சேர்த்து வாங்கியிருப்பேன்.

ஆறு மடிப்பு கையால் தைக்கக் கடினமாகத்தான் இருந்தது. விரல் குப்பி இல்லாமல் முதல் வாரம் நடுவிரல் நுனி சல்லடை. ஆனால் அப்பத்தா சொன்னது போல எங்கே வேண்டுமானாலும் நிறுத்த முடிந்தது. சாம்பார் கொதிக்கிற நேரத்தில் அரை வரிசை, மகளுக்கு வாய்ப்பாடு கேட்கிற நேரத்தில் ஒரு வரிசை. ஏழாம் வாய்ப்பாடு முழுக்க அந்த மெத்தையில் இருக்கிறது. மகள் தானும் தைப்பேன் என்று ஒரு மூலையில் நான்கு வரிசை போட்டாள். தண்டவாளம் தடம் புரண்ட மாதிரி போகிறது. பிரித்துத் தைக்கலாமா என்று யோசித்தேன், பிறகு பத்தேகால் ஆகிவிட்டது.

டெய்லர் அண்ணா, தட்டுக்கு நடுவில் துணியை விட்டு இழுத்ததும் நீல நிறத்தில் ஒரு பஞ்சுருண்டை வந்தது. எங்கள் வீட்டில் நீலம் எப்போது தைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பாட்டி தைத்த என் பள்ளிப் பாவாடையாகத்தான் இருக்கும். இப்போது மெஷின் சாதுவாக ஓடுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டது நான்தான், மன்னித்துவிடுங்கள். இன்டர்லாக்கில் மூன்று ஜப்லா வெட்டி மட்டும் வைத்திருக்கிறேன், தைக்கவில்லை. வெட்டுவதற்குத் தடை உண்டா என்று அம்மாவிடம் கேட்கவில்லை.

குன்னூர்க்காரி, நீங்கள் சொன்ன அந்தக் காவல் நூலுக்கு ஒரு கோவிலே கட்டலாம். பையன் மறுபடியும் உருவினான். ஆறு வரிசைதான் போயிற்று. குல்லா முழுக்க வேனில் பின்னியதுதான். மூன்றாவது நாளே பக்கத்து சீட்டில் உட்காருகிற செக்கிங் அக்கா ஊசி எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். இப்போது வேனில் மூன்று பேர் பின்னுகிறோம். டிரைவர் அண்ணன் ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏற்றுகிறார்.

மெத்தையை வளைகாப்பில் கொடுத்துவிட்டேன். தங்கச்சி பிரித்துப் பார்த்ததும் முதலில் கையை வைத்தது அந்தத் தடம் புரண்ட மூலையில்தான். "இது யார் தைச்சது, நீயா?" என்றாள். மகள் அத்தனை பேருக்கு நடுவில் கையைத் தூக்கினாள்.

குல்லா இன்னும் என் கைப்பையிலேயே இருக்கிறது. எல்லாம் பின்னிச் சுருக்கியாயிற்று, கடைசி முடிச்சு மட்டும் போடவில்லை. முடிச்சுப் போடாதவரை அது முடிந்த துணி என்று கணக்கில் வராது. கணக்கு பார்க்கிறவள் சொல்கிறேன்.