புதுப்பிப்பு: அந்தப் பிரஷ்ய பெல்ட் பக்கிள் எங்கே செய்தது என்று தெரிந்துவிட்டது

நடுவில் கிரீடமும் சுற்றிலும் 'கொட் மிட் உன்ஸ்' (கடவுள் எங்களுடன்) என்ற வாசகமும் உள்ள, பிரஷ்யப் (அன்றைய ஜெர்மன் பேரரசின் மிகப் பெரிய அரசு) படைவீரர் பெல்ட் பக்கிளின் படத்தைப் போட்டு, தயாரித்தவர் யார் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பின்பக்கத்தில் முத்திரையே இல்லை என்றும் எழுதியிருந்தேன். அது தவறு. நான் உலோகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பின்னால் தைத்திருக்கும் நாக்கு போன்ற தோல் துண்டைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். '1915', அதன் கீழே 'லூடன்ஷைட்'! ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் பொத்தான் தொழிலுக்குப் பேர்போன ஊர். பக்கிள் செய்த அஸ்மான், ஓவர்ஹோஃப் நிறுவனங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. நிறுவனத்தின் பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிருக்கிறது. மனம் கேட்கவில்லை, ஆனாலும் ஊகித்து ஒரு பெயரை எழுத மாட்டேன்.

ஆண்டும் பொருந்துகிறது. முன்பு பித்தளையில் செய்தார்கள். முதல் உலகப் போரில் பித்தளை போன்ற உலோகங்களுக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1915 முதல் எஃகில் அச்சடித்துச் சாம்பல்பச்சை பூசினார்கள். என்னுடையதில் காந்தம் ஒட்டுகிறது, ஓரங்களில் அந்தப் பூச்சும் மிச்சமிருக்கிறது.

அப்புறம், துருவைத் தேய்த்து எடுக்கச் சொன்னவர்களுக்கு: தேய்க்கப் போவதில்லை. பூச்சும் போய்விடும்.