இடைவாருக்கு எந்தத் தோல்: மரப்பட்டையில் பதனிட்டதா, குரோமில் பதனிட்டதா?

வார்ப்பட்டறை:
குரோம் உப்பில் ஒரே நாளில் பதனிட்டுவிட முடியும் என்னும்போது, மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைப்பது வீண் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பல ஆண்டுகளாக இடைவார் தைத்து வருபவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். கைப்பைக்கு வேண்டியது மென்மை. நாள் முழுவதும் இழுபட்டு, ஒரே துளையில் பக்கிளின் முள் ஏறி இறங்கும் இடைவாருக்கு வேண்டியது கெட்டித்தன்மை. ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பு தோலின் நார்களுக்கிடையே இறங்கி நிரம்பிவிடுவதால்தான், உள்ளே அட்டை எதுவும் வைக்காமல் 3.5 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒற்றைத் தோலிலேயே வாரை அறுத்தெடுக்க முடிகிறது. விளிம்பின் கூர்மையை மழுக்கி, சற்றே நனைத்து, மரக்கட்டையால் தேய்த்துப் பாருங்கள். நார்கள் படிந்து, மெழுகு பூசியதுபோல் மினுங்கும். குரோம் தோலின் விளிம்போ எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சாகவே நிற்கும். அதை மறைக்கப் பூசும் வண்ணம், வார் வளையும் இடத்தில்தான் முதலில் உரியும். அதுவும் போக, குரோம் என்ற நஞ்சை எதற்காக இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும்?

ஈரநீலம்:
விளிம்பைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். நஞ்சு என்றதை ஏற்க முடியாது. குரோமியத்தில் இரு வகை உண்டு: பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம்; அஞ்ச வேண்டியது ஆறிணைதிறன் குரோமியம். கவனமின்றிப் பதனிட்டால் முன்னது பின்னதாக மாறக்கூடும் என்பதால்தான், உடலில் படும் தோல்பொருள்களில் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்ப்பது இரண்டு முறைகளிலும் உண்டு. துவர்ப்பு கலந்த கழிவுநீரும் எளிதில் மக்குவதில்லை. மரப்பட்டையில் பதனிட்ட தோல் (பட்டைத் தோல்) ஈரமாக இருக்கையில் ஏறத்தாழ 70 முதல் 85 பாகை செல்சியசிலேயே சுருங்கிவிடும். நன்கு பதனிட்ட குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். நான் மூன்றாண்டுகளாக அணியும் பட்டைத் தோல் இடைவாரில், பக்கிளுக்கு அடியில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு ஏறியிருக்கிறது. எதைப் போட்டுத் துடைத்தாலும் போகவில்லை. வெயிலிலும் மழையிலும் உழைப்பவருக்கு இதை எப்படிப் பரிந்துரைப்பது?

கைத்தையல்:
இருவரும் பதனீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள்; தோலின் எந்தப் பகுதியில் அறுத்தது என்பதை யாருமே கேட்கவில்லை. முதுகுப் பகுதியில் நார்கள் நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பகுதியில் தளர்ந்திருக்கும். வயிற்றுத் தோலில் செய்த வார், எதில் பதனிட்டிருந்தாலும், ஓராண்டிலேயே இரண்டு துளை தூரம் நீண்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன். தையலும் அப்படித்தான். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக நுழைத்துத் தைத்தால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல்கள் பிடித்துக்கொள்ளும். எந்திரத் தையலில் அந்த உறுதி கிடையாது.

வார்ப்பட்டறை:
முதுகுத் தோலைப் பற்றி முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். நஞ்சு என்ற சொல்லையும் திரும்பப் பெறுகிறேன்; முறையாகப் பதனிட்ட குரோம் தோலுக்கு அது பொருந்தாது. ஆனால் ஈரநீலம் அவர்களே, உங்கள் இடைவாரில் படிந்த கறுப்புக்குத் தோலைக் குறை சொல்லாதீர்கள். துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். முற்காலத்தில் எழுதும் மையையே இவ்வாறுதான் செய்தார்கள். பக்கிளில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். திண்மமான பித்தளையாக இருந்தால் இந்தக் கறை விழுந்திருக்காது.

ஈரநீலம்:
வைத்துப் பார்த்தேன், காந்தம் ஒட்டிக்கொண்டது. முள் உரசும் இடத்தில் பித்தளை முலாம் தேய்ந்து, சாம்பல் நிற இரும்பு வெளியே தெரிகிறது. கறையைப் பற்றிய என் குற்றச்சாட்டை விலக்கிக்கொள்கிறேன், பக்கிளையும் மாற்றிவிடுவேன். ஆயினும் நாள்தோறும் நனைய வேண்டியவருக்குக் குரோம் தோலே ஏற்றது என்ற கருத்தில் மாற்றமில்லை.