புதுப்பிப்பு: குமுளி ஏற்றத்தில் பிக்கப் இழுவை குறைவு – தீர்ந்தது

கம்பத்திலிருந்து லோடோடு குமுளி மலைப்பாதை ஏறும்போது என் டீசல் பிக்கப் வண்டி இழுக்காததையும், காலையில் கைப்பம்ப் (டீசலைக் கையால் ஏற்றும் சின்ன பம்ப்) அடித்தால்தான் ஸ்டார்ட் ஆவதையும் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, டீசல் ஃபில்டருக்கு முன்னால் உள்ளே தெரியும் டியூப் மாட்டிப் பார்க்கச் சொன்ன யோசனை. ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் காற்றுக் குமிழி வந்தது. டேங்க் மேலுள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு. இன்ஜின் பக்கம் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் லைன் என்பதால் டீசல் வெளியே கசியவில்லை, காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. 8 மி.மீ. உள்விட்ட டீசல் ஹோஸ், புது கிளாம்ப், பேஞ்சோ போல்ட்டுக்கு (உள்ளே டீசல் போகத் துளை உள்ள போல்ட்) புது செம்பு வாஷர் போட்டு, லைனில் இருந்த காற்றை வெளியேற்றியதும் இழுவை வந்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. பிறகு டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் லிஃப்ட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிடும் பம்ப்) வைத்ததும் கைப்பம்ப் சீலில் டீசல் கசிந்தது. உறிஞ்சலில் இருந்த லைன் இப்போது அழுத்தத்தில் இருக்கிறது, அதுதான் காரணம். சீல் மாற்றியதும் நின்றது. பம்புக்கு ரிலே, ஃப்யூஸ் தனியாக.