புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் வேலை பார்ப்பவர்கள் கண்டதை இங்கே எழுதுங்கள்

செவிலியர், பென்னாகரம் பக்கம்

30 முதல் 65 வயது வரை வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. தாளில் குறையில்லை. பரிசோதனை அறையில் கெடுவதை மட்டும் சொல்கிறேன்.

வி.ஐ.ஏ. என்பது கர்ப்பப்பை வாயில் அமிலம் தடவி, கோளாறுள்ள இடம் வெள்ளையாகிறதா என்று கண்ணால் பார்ப்பது. அதற்கு 5 சதவீத அசிட்டிக் அமிலம் வேண்டும்: கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் 5 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 95 மி.லி. அன்றன்றைக்குக் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிடணும். கலக்காத அமிலம் பட்டால் புண்ணாகும். லேபிள் இல்லாத பாட்டிலை அறைக்குள் விடாதீர்கள். நனைத்த பஞ்சை வைத்து முழுதாக 1 நிமிடம் காத்திருக்கணும். கூட்டம் சேர்ந்தால் முதலில் காணாமல் போவது அந்த ஒரு நிமிடம்தான். 20 நொடியில் எட்டிப் பார்த்தால் வெள்ளைத் திட்டு எழும்பியிருக்காது, ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் டார்ச்சும் வேண்டாம், அதில் வெள்ளை தெரியாது.

மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய எல்லைக்கோடு (கர்ப்பப்பை வாயின் வெளித்தோலும் உள்தோலும் சேருமிடம்) பெரும்பாலும் உள்பக்கம் போய்விடும். கோடு தெரியாமல் ‘நெகட்டிவ்’ எழுதுவது தப்பு. பாப் ஸ்மியருக்கோ (செல்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது), எச்.பி.வி. பரிசோதனைக்கோ (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) அனுப்பணும்.

தன்னார்வலர், அஞ்செட்டி

அக்கா, மாதவிடாய் நாளில் வந்துட்டா? பிரசவம் ஆனவங்க?

செவிலியர், பென்னாகரம் பக்கம்

இரத்தப்போக்கு நின்றபிறகு வரச் சொல்லும்மா. பிரசவமாகி 12 வாரம் கழியட்டும். முந்தின நாள் உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். வீட்டுக்குப் போகும்போதே சொல்லிவிடு, இங்கே வந்து திரும்பிப் போனவர் மறுபடி வருவது கஷ்டம்.

தன்னார்வலர், அஞ்செட்டி

சரிங்கக்கா. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினாங்க. பி.பி., சர்க்கரை மாத்திரை வாசலுக்கே போகுது. இந்தப் பரிசோதனைக்கு மட்டும் பெண்கள் கிளம்பி வரணும், அங்கேதான் சிக்கல். மாங்காய் அறுவடை நாளில் முகாம் போட்டால் யாரும் வரமாட்டாங்க, கூலி போயிடும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுற ஆள் கூட இல்லைன்னா படிவத்தில் பாதிக் கேள்விக்கு வெறும் தலையாட்டல்தான் பதில்.

பல் மருத்துவர், கிருஷ்ணகிரி

அந்தத் தலையாட்டலை நம்பாதீர்கள். “புகையிலை போடுவீங்களா?” என்றால் இல்லை என்பார்கள். “வெத்தலைக்கு என்னென்ன சேர்ப்பீங்க, எந்தப் பக்கம் அடக்குவீங்க?” என்று கேளுங்கள். சொன்ன பக்கத்துக் கீழ்ப்பல் வரிசைக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தை முதலில் பாருங்கள். பிறகு துணியால் நாக்கைப் பிடித்து இரண்டு ஓரம், அடிப்பக்கம். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, 2 வாரத்தில் ஆறாத புண் இருந்தால் அனுப்பிவிட வேண்டும். தன் விரல் மூன்றை நெடுக்காக வாய்க்குள் விட முடியாதவருக்குத் வாயின் உட்சவ்வு இறுகியிருக்கலாம். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை. பான் மசாலா ஒரு பாக்கெட், புகையிலை ஒரு பாக்கெட் என்று பிரித்து விற்றதும் தடைக்குப் பிறகுதான்.

ஆய்வக நுட்பர், தருமபுரி

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இதை அங்கேயே, அதே மேசையில் சொல்லணும். சொல்லாததால்தான் பாதிப் பேர் கால்போஸ்கோபிக்கு (கர்ப்பப்பை வாயைக் கருவியில் பெரிதாக்கிப் பார்க்கும் அடுத்த பரிசோதனை) போகாமல் சாமியிடம் போகிறார்கள்.

பயாப்சிக்கு (ஆய்வகத்தில் பார்க்க) எடுத்த சதையை, கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில் போடணும், சதையைப் போல் 10 மடங்கு அளவு இருக்கணும். சலைனில் போட்டு அனுப்பினால் கெட்டுப்போகும், மறுபடி அறுக்க வேண்டிவரும். சேலத்துக்கோ பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கோ மாறும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. சதையைச் சீவி வைத்த கண்ணாடி ஸ்லைடும், மிச்சச் சதை பதித்த மெழுகுக் கட்டியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்காத மருமகள்தான் இங்கே அடிக்கடி மாட்டுகிறார். போகப்போகும் மருத்துவமனை திட்டப் பட்டியலில் உண்டா என்றும் முன்பே விசாரியுங்கள், எல்லை தாண்டினால் முக்கியமாக.

செவிலியர், பென்னாகரம் பக்கம்

எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் கேட்கிறார்கள். 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போட 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். உறைந்துபோன குப்பியைப் போடக் கூடாது. ஊசி போட்ட பிள்ளையும் 30 வயதானதும் பரிசோதனைக்கு வந்தாகணும்.