உப்புவெளி மணலில் முடிவுக்கோட்டுக் கமரா

குறோஸ் கன்ட்ரி ஓட்டத்துக்குக் கமரா வைக்கிறோம் என்றதும் பலரும் கேட்பது, செக்கனில் நூறில் ஒரு பங்கைக் காட்டுமா என்றுதான். மைதானத்துக்கு வெளியே நடக்கும் ஓட்டங்களில் 20 நிமிடம் 14.2 செக்கன் என்பது விதிப்படி 20:15 என்றே பதியப்படும். பிறகு எதற்கு நூறில் ஒன்று? சண்டை வருவது வரிசையால். அணியின் புள்ளி, அதன் வீரர்கள் பெற்ற இடங்களின் கூட்டுத்தொகை. குறைந்த தொகைக்கே வெற்றி. பதினேழாவதும் பதினெட்டாவதும் இடம் மாறினால் கிண்ணமே கைமாறலாம்.

திருகோணமலையில் எங்கள் ஓட்டங்கள் பெரும்பாலும் உப்புவெளிக் கடற்கரையில் காலையில் முடியும். அங்கே கமராவைக் கடற்பக்கம் வையுங்கள். தரைப்பக்கம் வைத்தால் கிழக்குச் சூரியன் நேரே லென்சில் அடிக்கும். வருகிறவர்கள் எல்லாம் கரிய நிழல்கள். உப்புத் தூவானத்தைத் துடைக்க ஒரு பிள்ளையை நிறுத்தினால் போதும். ஆனி ஆடியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று முக்காலியை ஆட்டும். உரப்பையில் மணல் நிரப்பிக் கட்டுங்கள். அங்கே மணலுக்கா பஞ்சம்!

கோட்டின் இரு முனைகளிலும் கம்பு நட்டு, திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை கமராவை நகர்த்த வேண்டும். சற்று விலகினாலும் ஓர் ஓரத்தில் ஓடுபவர் முந்தியதாகப் பொய் சொல்லும். மேசைமேல் உயர்த்தி வைத்தால் கிட்ட வருபவர் அப்பால் வருபவரை மறைக்கமாட்டார்.

சாதாரண போனே போதும். செக்கனுக்கு 5 மீற்றர் ஓடும் பிள்ளை, செக்கனுக்கு 60 பிரேம், அதாவது 60 படம், எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 8 சென்ரிமீற்றர் நகரும்; 240 பிரேமில் 2 சென்ரிமீற்றர்தான். ஆனால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/1000 செக்கன் அளவில் நிறுத்தாவிட்டால் எத்தனை பிரேம் இருந்தும் படம் மங்கல்தான்.

ஒருமுறை இரண்டு மாணவிகள் ஒட்டியபடி வந்தார்கள். "கையைப் பாருங்கள் சேர், எங்கள் பிள்ளைதான் முதலில்" என்றார் ஒரு பயிற்றுநர். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் இல்லை. நடுவுடல்தான் கோட்டை எட்ட வேண்டும். படத்தை நிறுத்திக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். அடுத்த கேள்விதான் சரியான கேள்வி: "அந்தப் பிள்ளையின் இலக்கம் எங்கே?" பக்கத்திலிருந்து எடுத்தால் மார்பு இலக்கம் விழாது. கோட்டுக்கு அப்பால் எதிர்முகமாக இன்னொரு போன் வேண்டும். கோட்டைத் தாண்டியவர்கள் வரிசையாகச் செல்லும், கயிறு கட்டிய ஒழுங்கையில் இலக்கம் எழுதுபவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவருடைய கொப்பியும் படமும் முரண்படும் இடங்களை மட்டும் தேடிப் பார்த்தால் பரிசளிப்புக்கு முன்பே முடிவு தயாராகிவிடும்.