கோணமாமலைப் பதிகம்: ஏக்கமா, செழிப்பா?

கடலோடி:
சம்பந்தர் எங்கட திருக்கோணமலைக்குப் பாடின பதிகம் (மூன்றாம் திருமுறை, 123). முதற்பாட்டின்ர கடைசி ரெண்டு அடி இது:

கரைகெழு சந்துங் காரகிற் பிளவும் அளப்பருங் கனமணி வரன்றிக்
குரைகட லோத நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே

சந்தனத்தையும் கரிய அகில் துண்டுகளையும் அளவில்லாத மணிகளையும் வாரிக்கொண்டு, இரையிற கடல் முத்தைக் கொழிக்கிற கோணமலையில இருக்கிறவர் எண்டு பொருள். எனக்கு இது ஏக்கப் பாட்டு. அவர் இங்க வரேல்ல, இராமேச்சரத்தில நிண்டு பாடினவர் எண்டுதான் பெரியபுராணம் சொல்லுது. அடியைப் பாருங்கோ: நாலு சீர் (அடியின்ர ஓசைத் துண்டு) எழும்பி வருது, மூண்டு சீர் பின்வாங்குது. எட்டாத கரையை நினைக்கிற அலை.

நேர்நிரை:
தம்பி, நாலும் மூண்டுமாப் பிரியிறது எழுசீர் விருத்தத்தின்ர பொது வழக்கம். விளம், மா எண்ட சீர் வகையள் வாற ஒழுங்கு இது: விளம் மா விளம் மா, விளம் விளம் மா. இந்த வாய்பாட்டில வாழ்த்தும் பாடலாம், புலம்பலும் பாடலாம். சட்டியைப் பாத்துக் கறி உறைப்போ எண்டு சொல்லேலாது. சுவை சொல்லில இருக்கு. கரை, காரகில், கனமணி, குரைகடல், கொழிக்கும், கோணம்: சீருக்குச் சீர் ககரம் மோதுது. சந்தனம், அகில், மணி, முத்து எண்டு எல்லாம் குவியுது. ஏங்கிறவன் இப்பிடிக் குவிப்பானோ? பண்ணும் (பழந்தமிழ் இராகம்) புறநீர்மை. இப்ப பூபாளத்தில ஓதுறது, விடியற்காலை இராகம்.

சுளகு:
ரெண்டு பேரும் 'கொழிக்கும்' எண்ட சொல்லைத் தாண்டிப் போறீங்கள். அம்மம்மா அரிசி கொழிக்கேக்க சுளகைப் பக்கவாட்டில அசைப்பா. குறுணி ஒரு பக்கம் ஒதுங்கும், முழு அரிசி மற்றப் பக்கம் சேரும். அந்தச் சரசரப்பைக் கேட்டவைக்கு இந்த அடி விளங்கும். கடல் முத்தை எறியேல்ல, கொழிக்குது. வீட்டு வேலையின்ர நிதானம் அது. நேர்நிரை அண்ணை சொல்லுற மோதல் 'குரைகடல்' மட்டும்தான்.

நேர்நிரை:
அது சரி தங்கச்சி, ககரத்தை நான் கூடத் தட்டிப்போட்டன். ஆனா ஏக்கத்தை இன்னும் ஒத்துக்கொள்ளமாட்டன்.

கடலோடி:
நாலு-மூண்டு பொது வழக்கம் எண்டதை ஏற்கிறன் அண்ணை. ஆனா வாடைக்காலத்தில கோணேசர் கோயிலடிப் பாறையில நிண்டு, கீழ கடல் இரையேக்க, இதை வாய்விட்டுப் பாடிப் பாருங்கோ. 'கொழிக்குங்' எண்ட இடத்தில மூச்சு நிக்கும். அதுக்குப் பிறகுதான் மலையின்ர பேர் வருது. இங்க நிக்கிற எனக்கே அந்த இடைவெளி நீளமாத் தெரியுது. அக்கரையில நிண்டவருக்கு எவ்வளவு நீளமா இருந்திருக்கும்?