யோக நித்ரா: மூச்சு எண்ணும்போது தூங்கிவிடுகிறார்கள், வழி சொல்லுங்களேன்

வணக்கம். யோக நித்ராவுக்கு (படுத்தபடி, தூங்கிவிடாமல் விழிப்போடு உடலைத் தளர்த்தும் பயிற்சி) 35 நிமிட ஒலிப்பதிவு ஒன்றைத் தமிழில் தயார் செய்கிறோம். சவாசனம் (மல்லாந்து அசையாமல் படுப்பது), சங்கல்பம் (மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் உறுதிமொழி), வலது கை கட்டைவிரலில் தொடங்கி உடல் முழுக்கக் கவனத்தைச் சுழற்றுவது வரை சிக்கலில்லை. அடுத்து 27-இலிருந்து 1 வரை மூச்சைப் பின்னோக்கி எண்ணச் சொல்லும்போதுதான் பலரும் குறட்டை விட ஆரம்பிக்கிறார்கள்.

உறுப்புகளின் பெயரை வேகமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று, ஒன்றுக்கு 2 நொடி. இழுத்து இழுத்துச் சொன்னால் மனம் நழுவிவிடுகிறது. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் படுப்பதும் ஓரளவு உதவுகிறது. முழங்கையை ஊன்றி முன்கையை நிமிர்த்தி வைத்தால், கண் செருகியதும் கை சரிந்து எழுப்பிவிடும். ஆனால் தோள் இறுகி, தளர்வு போய்விடுகிறது.

எண்ணிக்கை தவறினால் மறுபடி 27-க்கே போகச் சொல்வதா, விட்ட இடத்திலிருந்து தொடரவிடுவதா? முதலாவதுதான் வழக்கம், புதியவர்களுக்கு அது எரிச்சல்.

இன்னொன்று. சூட்சுமப் பயணத்துக்காகவே, அதாவது உடலை விட்டு வெளியே போவது போன்ற அனுபவத்துக்காகவே, வருபவர்களும் உண்டு. மிதப்பது, உடல் அதிர்வது எல்லாம் தூக்கத்தின் விளிம்பில் இயல்பாகவே வருபவை (ஆவி வெளியேறுவதாக நாங்கள் சொல்வதில்லை). உடல் அசைய மறுத்தால் பதறாமல் விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள் என்ற குறிப்பும் தேவை. அதைத் தொடக்கத்திலேயே சொன்னால், எல்லோரும் அதையே எதிர்பார்த்துப் படுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் சேர்ப்பது? குரல் கொடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.